நனைந்த சாக்கும் பத்து கிலோமீட்டர் ஈரமும்

அன்புள்ள தம்பி குணசேகரனுக்கு, வலங்கைமானிலிருந்து அக்கா பிரகதீஸ்வரி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நெல்லும் நலம்.

முதலில் ஒரு கேள்வி. தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டி, வானத்தில் பத்து கிலோமீட்டர் வரை எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று எப்படிச் சொல்கிறது? இயற்பியலில் முதுகலை வாங்கிய எனக்கு விடை தெரியவில்லை. களத்து ஓரத்தில் உன் ஆய்வுக்காக நீ வைத்துவிட்டுப் போன ரேடாரையும் அந்தப் பெட்டியையும் ஒரு மாதமாகச் சந்தேகத்தோடுதான் பார்த்துவந்தேன். ஆனாலும் இந்தக் கடிதம் நன்றி சொல்லத்தான்.

நேற்று மதியம் குறுவை நெல் முழுவதும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது, ஒரு மழை பட்டால் முளைத்துவிடும், கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், குறுவையோடு தீபாவளியும் போய்விடும், அப்போதுதான் அங்கே உன் கணினியில் அளவுகளைப் பார்த்துவிட்டு நீ போனில் கத்தினாய்: “அக்கா, தரையிலேர்ந்து உச்சி வரைக்கும் ஈரம்னு பெட்டி காட்டுது. ரேடார் அப்படிச் சொல்லல, ஆனா பெட்டி பொய் சொல்லாது. நெல்லை அள்ளிடுக்கா!” வானத்தில் ஒரு மேகம் இல்லை. இருந்தும் படித்த தம்பி சொல்கிறானே என்று களத்து வேலைக்கு வரும் அம்சத்தையும் மருதையனையும் கூப்பிட்டு அள்ளிக் கட்ட, அரிசிக் கடை சமீர் வேனோடு வந்து, “வெயில் மண்டையப் பொளக்குது, நீங்க மழைங்கிறீங்க. உங்க தம்பி எந்த ஊரு வானத்தைப் பாத்தாராம்க்கா?” என்று கேட்டுக்கொண்டே மூட்டைகளைத் தன் கிடங்கில் இறக்கினார். வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. மாலை வரை ஒரு துளி விழவில்லை. தெருவே என்னிடம் குடை இரவல் கேட்டது.

கோபத்தோடு போய்ப் பார்த்தால், பெட்டியின் தலையில் நனைந்த சணல் சாக்கு.

“நான்தாங்க போட்டேன்,” என்றாள் அம்சம். “தொட்டா கொதிக்குது. மோட்டாருக்குப் போடுவோம்ல, அப்படித்தான். வாயில்லாத சாமான், பாவம்.”

உன் பத்து கிலோமீட்டர் ஈரமும் அந்தச் சாக்கில் இருந்த வாய்க்கால் தண்ணீர்தான்.

சாக்கை எடுத்ததும் மேலே வறட்சி என்றது பெட்டி. ரேடாரும் ஒத்துப்போகிறது, தாராளமாகக் காயப்போடு என்றாய். நாளைக் காலை பரப்பப்போகிறோம். உன் அக்கறைக்கும், கேலி பேசிக்கொண்டே சுமந்தவர்களுக்கும் மனமார நன்றி. சாவித்திரிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: இது மறுநாள். மூட்டை தூக்கியதில் காலையில் அம்சம் இடுப்பு வலி என்றாள், மருதையன் வரவே இல்லை, எனக்கும் முதுகு நிமிரவில்லை. நெல் கிடங்கிலேயே இருந்தது. மதியம் கிழக்கே கறுத்துக் கொட்டித் தீர்த்துவிட்டது. களத்தில் கணுக்கால் தண்ணீர். நெல் நனையவில்லை. மேலே உனக்கு எழுதிய நன்றியைச் சாக்குக்கு மாற்றிப் படித்துக்கொள். அம்சம் அதைப் பிழிந்து மடித்துப் பத்திரப்படுத்திவிட்டாள், அடுத்த அறுவடைக்கு ஆகுமாம். நான் மறுக்கவில்லை.