எருமைத்தோல் வைத்த கார்

அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: முதலாளி. கார் வாங்க வந்த மல்லாங்கிணற்று மளிகைக்கடை அண்ணாச்சி. வெல்டிங் வைக்கிற நான். தோலு. வாசலில் தெரு நாய்கள்.

காரின் ஒவ்வொரு உறுப்பையும் நாக்கால் சோதித்த மனிதன் உலகத்திலேயே தோலு ஒருவன்தான். இரும்பை நக்குவான். ரப்பரை நக்குவான். கிரீஸை நக்கிவிட்டு, "மண்ணு கலந்துருக்கு" என்பான். கலந்திருக்கும். அவனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. யாரும் கூப்பிட்டதில்லை.

எண்பதுகளின் கடைசி. பாளையம்பட்டியில் ஒரு தகர ஷெட். கிணற்றுக்குப் போடுகிற டீசல் எஞ்சினை வைத்து நாங்களே குட்டிக் கார் செய்தோம். முதல் கார் திருச்சுழி ரோட்டில் ஒரு வாரம் ஓடியது. குலுக்கலைத் தாங்குகிற பட்டைவில்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்த டயர் ரப்பர் கிழிந்தது. வாங்கினவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

தோலு அதற்கு முன்னால் தறி மெக்கானிக். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், எஞ்சினிடம் இரண்டும். ரப்பருக்குப் பதிலாக, தறியில் நூலோடு ஓடுகிற நாடாவை உதைக்கிற எருமைத்தோலைக் கொண்டுவந்தான்.

"ஏலே, நாளெல்லாம் அடி வாங்குற தோலு. காரு எம்மாத்திரம்?"

வெயிலில் வெடிக்காமலிருக்க ஆட்டுக் கொழுப்பில் ஊறவைத்தான். நக்கிப் பார்த்தான்.

"ருசியா இருக்குலே."

அங்கேயே நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

வரிசையில் நின்ற மூன்று காருக்கும் தோல்தான் என்றார் முதலாளி. மூன்றையும் தனக்கும் தம்பிகளுக்கும் எடுப்பதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார். எடுத்தால் ஷெட் ஓடும். எடுக்காவிட்டால் முதலாளி மூடிவிடுவார், தோலு வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விடுவான்.

அன்று நாலு பேரும் ஒரு காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். கார் தொட்டில் மாதிரி போனது. பின்னால் நாய்கள். பாலவனத்தத்தில் நிறுத்தினோம். டீ வருவதற்குள் கார் ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு செவலை நாய் தோலைக் கவ்விக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் ஓடியது. பின்னாலேயே தோலு.

"நான் காரு வாங்க வந்தேனா, நாய்க்குக் கறி போட வந்தேனா?" என்றார் அண்ணாச்சி.

தோலு வெறுங்கையோடு திரும்பினான். "கொஞ்சம் பொறுங்கண்ணாச்சி. எண்ணெய மாத்திருவோம்."

அடுத்த தோல்களை வேப்பெண்ணெயில் ஊறவைத்தான். நக்கினான். முகம் கோணியது.

"நாயி தொடாது."

தொடவில்லை. அண்ணாச்சி மூன்று காரையும் எடுத்துப்போனார். அன்று தோலு, திருப்பூருக்குக் கட்டிய பையை அவிழ்த்தான். எனக்கு நிம்மதி.

கொஞ்ச நாளில் மூன்றும் வாசலில் வந்து நின்றன.

"நாயி வரலப்பா" என்றார் அண்ணாச்சி. "எம் பொண்டாட்டியும் ஏற மாட்டேங்குறா. மூக்கப் பொத்திக்கிட்டு நடந்தே போறா."

முதலாளி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு ஷெட்டைப் பூட்டினார்.

திருப்பூர் பஸ்ஸில் ஏறியதும் தோலு ஜன்னல் கம்பியை நக்கினான்.

"பஸ்ஸு துருப்புடிச்சிருக்குலே. வாரேன்."

வரவில்லை.

இப்போதும் நாய் துரத்திக்கொண்டு ஏதாவது வண்டி போனால், வெல்டிங்கை நிறுத்திவிட்டு, தோலுதானோ என்று வாசலுக்கு வருகிறேன். எல்லாம் கம்பெனி வண்டி.

நாங்கள் செய்த கார் நான்குதான்; நான்கும் திரும்பி வந்துவிட்டன.