மாவுக்கட்டு டாக்டரும் ஒரு சட்டையும்

தென்காசி வட்டாரத்தில் நல்ல எலும்புக்கு மாவுக்கட்டுப் போட்ட ஒரே டாக்டர் எங்கள் ‘மாவுக்கட்டு’தான். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில், மருத்துவ மாணவர்களான எங்களைக் குற்றாலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கை கால் விழுந்தவர்களை மறுபடி நடமாட வைக்கும் மறுவாழ்வு மருத்துவம் கற்க. அங்கே இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் கரும்பலகை டாக்டர். நோயாளி என்கிற தொந்தரவே இல்லாமல் வைத்தியம் சொல்லித்தரும் மகான். தசைகளின் பெயர்களை அவர் வாசிக்கிற அழகில் வகுப்பே சுகமாகத் தூங்கும்.

இன்னொருவர் மாவுக்கட்டு. ஒருநாள் காலையில் என் வலது கைக்கும் காலுக்கும் கட்டுப் போட்டு, “ஏலே, நீயே சட்டையப் போட்டுக்கிட்டு பஸ்ல தென்காசி போயிட்டு வா. எவனையும் ஒத்தாசைக்குக் கூப்பிடப்பிடாது” என்றார்.

இடது கையை நுழைத்துவிட்டேன். வலது கை நுழையவில்லை. பாதிச் சட்டையோடு பஸ் ஏறினேன்.

“தம்பி, எந்தப் பனையில இருந்து விழுந்திய?” என்றார் கண்டக்டர்.

“விழல அண்ணாச்சி, படிக்கேன்.”

பஸ் மொத்தமும் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் மேலகரத்தில் போட்ட பிரேக்கில் நிஜமாகவே விழுந்தேன்.

கரும்பலகை டாக்டரின் புகார் தலைமை டாக்டருக்குப் போனது. அவர் ஞானி. இரு முறைகளுக்கும் பரீட்சை வைத்தார். தோற்கிற முறை அன்றோடு நிறுத்தம் என்றார். நோயாளி, பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கிய ஓர் அண்ணாச்சி. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்திருந்தது. அவர் தானே சட்டை போட்டுக்கொள்ளக் கற்றுத்தர வேண்டும்.

கரும்பலகையின் சீடன் தோள்பட்டைத் தசைகளை ஒப்பித்தான். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, இதுல சட்டை எப்ப வரும்?” என்றார்.

அடுத்தது நான். பஸ்ஸிலிருந்து திரும்பிய பிறகு சட்டையோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். “விழுந்த கைய முதல்ல நுழைங்க அண்ணாச்சி. நல்ல கை பொறவு.”

வலது கை நழுவியது. மறுபடி நுழைத்தார். சட்டை தோளில் ஏறியது. இடது கையாலேயே பொத்தான்களைப் போட்டார்.

“இரண்டு முறைகளும் சமமான சிறப்புடையவை” என்று தீர்ப்பளித்துவிட்டுத் தலைமை டாக்டர் காப்பி குடிக்கப் போனார்.

“பொண்டாட்டி போட்டுவிட்டுப் போட்டுவிட்டு, வெளிய வரவே கூசுச்சு டாக்டரய்யா” என்றார் அண்ணாச்சி, மாவுக்கட்டைப் பார்த்து.

எங்கள் கைக்குட்டை மடிப்பில்கூடக் குற்றம் கண்டுபிடிப்பவர் மாவுக்கட்டு. அண்ணாச்சியின் பொத்தான் ஒன்று தவறான துளையில் மாட்டியிருந்தது. அதை மாவுக்கட்டு திருத்தவில்லை. கண் கலங்க, பார்த்துக்கொண்டே நின்றார். இன்னும் கொஞ்சகாலம் அவரிடம் படித்திருக்கலாம்.