பூங்காவில் ஒரு பெஞ்சு

அன்புள்ள தெர்சூ அண்ணனுக்கு,

தங்கை வந்தூ எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், மக்குர்தியில் உங்களுக்குக் கூரையாவது இருக்கிறது.

"அபுஜாவ மனுஷங்க வாழவா கட்டுனாங்க? வரைபடம் வாழக் கட்டுனது" என்று நான் இங்கே வந்த நாளிலிருந்து சொல்கிறீர்கள். ஜெயித்துவிட்டீர்கள். திங்களன்று ஓர் அதிகாரி அந்த வரைபடத்தோடு வந்து எங்கள் மதிலில் சிவப்புப் பெயிண்டால் "அகற்றுக" என்று எழுதினார், கையெழுத்து அழகுதான், பாராட்டிவிட்டே காரணம் கேட்டேன், "இங்க வீடே கெடையாது மேடம், பூங்கா" என்றார், அப்படியென்றால் நான் எங்கே நிற்கிறேன் என்றதற்கு வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒரு பெஞ்சு மேல" என்றார்.

எனக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் தானியக்கா தோளில் விறகோடு வந்தார். அபுஜா தலைநகரமாகுமுன்பே இங்கிருந்த பக்யி ஜனம் அவர், அந்த ஜனம் தலையில் சுமை ஏற்ற மாட்டார்கள், அரசாங்கம் ஒன்றைத்தான் ஏற்றியிருக்கிறார்கள்.

"மொதல்ல மந்திரி வீட்டுக்காகக் கெளப்புனீங்க, அப்புறம் ரோட்டுக்கு. இப்ப புல்லுக்கா? எம் மதிப்பு எறங்கிக்கிட்டே போகுதே தம்பி."

"நான் என்னம்மா பண்றது, மேப்பு சொல்லுது."

"அதையே வரச் சொல்லு, நாங்க பேசிக்கிறோம்."

சனிக்கிழமை இடிப்பார்களாம். தெருவில் எல்லோரும் மூட்டை கட்டுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு ஊரே காலியாகும் நகரம் இது, எல்லோருக்கும் போக ஒரு சொந்த ஊர் உண்டு. சொந்த ஊரிலேயே இருக்கும் தானியக்காவுக்குத்தான் போக்கிடமில்லை. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை, ஆனாலும் நான் மூட்டை கட்டிவிட்டேன். அங்கே என் பழைய அறையில் நீங்கள் குவித்திருக்கும் வள்ளிக்கிழங்கை நகர்த்தி வையுங்கள். "அன்னைக்கே சொன்னேன்ல" என்பதைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கேட்டுக்கொள்கிறேன், நடுவில் மட்டும் வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. கடவுள் உங்கள் வீட்டை எந்த வரைபடத்திலும் சேர்க்காமல் காப்பாராக.

உங்கள் தங்கை,
வந்தூ

பி.கு: கிழங்கை நகர்த்தாதீர்கள். தானியக்கா அந்த மதிலைத் தானே இடித்து, அந்தக் கல்லிலேயே பெஞ்சு போட்டு, முற்றமெல்லாம் மாங்கன்று நட்டுவிட்டார். அதிகாரி இன்று மேலதிகாரியோடு வந்தபோது நான் பொதுமக்களாக அதில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். "பூங்கா ரெடி தம்பி. காவலுக்கு ஆள் வேணாமா?" என்றார் அக்கா. அவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பெஞ்சு சரியான இடத்தில் இருந்தது. "பூங்கா முடிந்தது, காவலர் குடியிருப்பு ஒன்று" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் ஊர் ஆரஞ்சுக் கன்றுகளை உடனே அனுப்புங்கள். காய்க்கிற வரைக்குமாவது இருப்போம் என்கிறார் அக்கா.