ரூல்தடி ஐயாவும் சிவப்புத் தலைச் சாமியும்

ஜொகூர் மாநிலத்தில் சாமியை நாடா வைத்து அளந்த ஒரே மனிதர் எங்கள் ரூல்தடி ஐயாதான். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டிருந்த ஒரே பாவி நான். இப்போது நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது.

பொந்தியானில் அவர் ஓவர்சியர். நான் அவருக்குக் கணக்கெழுதும் கிராணி. ஊர்கள் எப்படி அமைய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து விதிமுறை ஒன்று வந்திருந்தது. கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதை, வீட்டைவிட்டுத் தள்ளி மாட்டுக் கொட்டகை, இனிமேல் வரப்போகும் சாலைக்கு இப்போதே ஒதுக்கிய நிலம். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு மேசைக்குள் போட்டார்கள். இவர் மனப்பாடம் செய்துவிட்டார்.

ஒரு கல்யாண வீட்டில், தாலி கட்டும் நேரத்தில் நுழைந்தார்.

"பந்தக்காலு ரோட்டுல நிக்குதுங்க. ஒரு முழம் உள்ள தள்ளுங்க."

"முகூர்த்தம் போயிருமுங்க ஐயா" என்று பெண்ணின் அப்பா கும்பிட்டார்.

"முகூர்த்தத்தப் பத்தி விதியில ஒண்ணுமே சொல்லலீங்க."

பந்தல்கால் நகர்ந்தது. பிறகு சாவகாசமாகப் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார். வசவு மட்டும் எனக்கு. சொந்த வீட்டுக் கூரையும் ஒரு சாண் நீண்டிருக்கிறதென்று அவரே அறுத்துத் தள்ளினார். அந்த மழைக்காலம் முழுக்க அவர் மனைவி அடுப்படியில் குடை பிடித்துச் சமைத்தார்.

புதுச் சாலைக்கு எல்லைக்கல் நட்டோம். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புச் சாயம். கடைசிக் கல் பால்கார ராக்காயி வாசலில் விழுந்தது. சாலை வந்தால் அவள் வீடும் அந்த வரிசை மாட்டுக்காரர் வீடுகளும் போய்விடும். அதற்கப்பால் வெறும் சதுப்பு. மாடே நிற்காத இடத்தில் மனுஷர் எங்கே நிற்பது?

அடுத்த வாரம் போனால் கல்லுக்கு மஞ்சள், குங்குமம், பக்கத்தில் சூலம், மேலே தகரக் கூரை.

"என்னம்மா இது?"

"முனீஸ்வரருங்க. செவப்பாத் தல காட்டினாரு. கும்பிட்ட அன்னிக்கே மடி வத்தின மாடு பால் குடுத்துச்சு."

"நான் நட்ட கல்லும்மா இது."

"ஒங்க கையால வந்திருக்காரு. ஒங்களுக்கும் புண்ணியந்தான்லா."

ஐயா திகைத்துப்போனார். சாலை நிலத்தில் கூரை போடக்கூடாது. எல்லைக்கல்லை அசைக்கவும் கூடாது. வேறு வழி தெரியாமல் சாமியை அளந்தார். திரும்பவும் அளந்தார். "வீட்டுக்குப் போலாங்க" என்று கெஞ்சினேன். அசையவில்லை.

ஜொகூர் பாருவிலிருந்து வெள்ளைக்காரத் துரை பார்வையிட வந்தார். பழைய கோயில் இருந்தால் சாலை சுற்றிப்போக வேண்டும் என்பதும் விதியில் உண்டு.

"இது எப்போதிலிருந்து இருக்கிறது?" என்று மலாயில் கேட்டார்.

ராக்காயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஐயா ஓர் அங்குலம்கூடப் பொய் சொன்னவரில்லை. எல்லாம் முடிந்தது என்று நான் தரையைப் பார்த்தேன்.

"நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது, துவான்" என்றார் ஐயா.

துரை வரைபடத்தில் சாலையை வளைத்துக் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஐயா நடுரோட்டிலேயே நின்றுவிட்டார்.

"கிராணி, நான் செஞ்சது தப்புத்தானே?"

"தப்புத்தாங்க" என்றேன். அவரைக் கோப்பிக் கடையில் உட்கார வைத்து, கோப்பியை நானே ஆற்றிக் கையில் கொடுத்தேன். இந்தத் தொல்லை பிடித்த மனிதர்மேல் எனக்கு இவ்வளவு அன்பு இருந்ததே அன்றுதான் தெரிந்தது.