காட்டன் ரோட்டுச் சும்மா அக்கா

தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டில் எழுபதுகளில் விற்ற சேலைகளைவிடச் சும்மா அக்கா பிரித்துப் பார்த்த சேலைகள்தான் அதிகம். அந்த ரோட்டில் அவர் கை படாத சேலை ஒன்று இருந்திருந்தால், அது அன்று காலையில்தான் லாரியில் வந்து இறங்கியிருக்கும். சாயங்காலத்துக்குள் அதையும் பார்த்திருப்பார்.

அவருக்கு ஊர் ஆத்தூர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் எனக்கு அடுத்த கட்டில். எங்களையெல்லாம்விட வயதில் மூத்தவர், உருவத்திலும் கொஞ்சம் தாராளம். எந்தக் கடையில் ஏறினாலும் செருப்பைக் கழற்றும்போதே, "சும்மா பாக்கத்தான் வந்தேன் அண்ணாச்சி" என்று உண்மையைச் சொல்லிவிடுவார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சொல்லி அவரைத் தேடி வந்தவர்களை, "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று விடுதி வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

காட்டன் ரோடு அன்று சாதாரண ரோடு இல்லை. கப்பல்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நைலக்ஸ் சேலையின் பூ, மறு மாதமே அங்கே கண்ணாடி அலமாரியில் பூத்திருக்கும். பெல்பாட்டம் போட்ட பையன்கள் தெருவைப் பெருக்கிக்கொண்டே நடப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலமானால் அக்கா எங்களைத் திரட்டிக்கொண்டு கிளம்புவார். கிழக்கே ஒரு வரிசை, திரும்பும்போது எதிர் வரிசை. ஒரு கடையைக்கூட விடமாட்டார். விட்டால் அந்தக் கடைக்காரர் மனசு வருத்தப்படுமாம்.

டியூப்லைட்டை அவர் நம்பியதே இல்லை. "இந்த வெளிச்சத்துல எல்லாச் சேலையும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி நல்லாத்தான் இருக்கும். வெயில்ல பாத்தாத்தானே சாயம் தெரியும்" என்பார். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவார். விற்பனையாள் பின்னாலேயே ஓடுவான். ஒரு நாள் வெயிலில் பார்த்ததோடு நிற்காமல், நேரே எதிர்க்கடைக்குள் ஏறி, "இதே பச்சையில ஒங்ககிட்ட இருக்கா, ரெண்டையும் வச்சுப் பாப்போம்" என்றார். அந்தக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்க, இரண்டு சேலையோடும் மறுபடி தெருவுக்கு வந்தார். வியாபாரப் பகையால் பல வருடம் பேசாதிருந்த இரண்டு முதலாளிகளும் சேலையைத் தேடி நடுரோட்டில் சந்தித்துக்கொண்டார்கள். அக்கா நிதானமாகப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்ல, இரண்டு பேரும் ஒரே குரலில் அவரைத் திட்டினார்கள். அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டு.

பொறுத்துப் பார்த்த ஒரு கடைக்காரர், 'வாங்குபவர்கள் மட்டும் உள்ளே வரவும்' என்று போர்டு எழுதி மாட்டினார். அக்கா அதை வாசித்துவிட்டு உள்ளே போனார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம். ஒரு ஆளு வாங்குவாரா மாட்டாரான்னு, பாக்கதுக்கு முன்ன எப்படித் தெரியும்?"

அண்ணாச்சி யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். மறு வாரம் போர்டு இல்லை.

இன்னொரு கடையில் மதராஸிலிருந்து பொம்மை வரவழைத்து, சேலை கட்டிக் கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்தார்கள். முந்தானையைக் கிட்டத்தில் பார்க்க அக்காவும் கண்ணாடிக்குள் ஏறி, அசையாமல் குனிந்து நின்றிருந்தார். வெளியே கிராமத்து ஆள் ஒருவர் மனைவியிடம், "ஏளா, அந்தக் குண்டுப் பொம்மை கட்டியிருக்க சேலைதான் எடுப்பா இருக்கு" என்றார். அக்கா திரும்பி, "இது இங்கன கெடைக்காது, ஆத்தூர்ல எடுத்தது" என்றார். அந்த மனிதர் மனைவியை விட்டுவிட்டு ரயிலடி வரைக்கும் ஓடினார்.

"ஏன்க்கா, ஒண்ணாச்சும் வாங்கக் கூடாதா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வாங்குனா ஒரு சேலதான் நமக்கு. வாங்காத வரைக்கும் ரோடு முழுக்க நம்ம சேலதானே."

இப்படியிருக்க, எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்குப் புன்னைக்காயல். மாப்பிள்ளை வீரபாண்டியன்பட்டினம், கப்பலில் போயிருந்தார். கல்யாணச் சேலை எடுக்க அவருடைய அம்மா என்னைக் காட்டன் ரோட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். என் அம்மா ஊரிலிருந்து வந்து ஒரே புத்திமதிதான் சொன்னார்: "ஏளா, நீ வாயத் தெறக்கக் கூடாது." முந்தின வரன், வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் அரசியல் பேசியதால் தட்டிப்போனது. எனக்குக் கீழே இன்னும் தங்கைகள் இருந்தார்கள்.

கடையில் சேலைகள் மலையாகக் குவிந்தன. அதில் ஒன்று, வெங்காயச் சருகு நிறத்தில், மெல்லிய ஜரிகையோடு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியாரோ காப்பிப்பொடி நிறத்தில், சாக்குபோலக் கனத்த ஒரு பட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் நல்லாருக்கு. அழுக்குத் தெரியாது."

என் அம்மா, "ஆமா, தெரியாது" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்போது பின்னாலிருந்து குரல் கேட்டது: "சும்மா பாக்கத்தான் வந்தேன் அண்ணாச்சி."

அக்கா என்னை முன்பின் தெரியாதவர்போல வந்து, மாமியார் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காப்பிப்பொடிச் சேலையை மெதுவாகத் தடவினார்.

"அட, இதே சேலதான். எங்க பெரியம்மைய இதத்தான் போத்தித் தூக்குனோம். என்ன பாந்தமா இருந்துச்சு தெரியுமா?"

மாமியார் அடுப்பைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். அக்கா அடுத்து வெங்காயச் சருகை எடுத்தார்.

"அண்ணாச்சி, இத எனக்கு எடுத்து வைங்க."

அண்ணாச்சி கையிலிருந்த அளவுகோல் கீழே விழுந்தது. இத்தனை வருடம் சேலை மடித்த ஆத்திரமெல்லாம் அவர் முகத்தில் சிரிப்பாக வந்தது.

"ஏலே, அக்காவுக்கு பில்லு போடு. அவ மனசு மாறதுக்குள்ள போடு."

அக்கா ஒரு கணம் தடுமாறினார். 'சும்மா சொன்னேன்' என்றால் மாமியாருக்கு எல்லாம் புரிந்துபோகும். என் கல்யாணமும் அதோடு போகும். என்னை ஒருமுறை பார்த்தார்.

"போடுங்க" என்றார்.

"அதெப்படி?" என்று மாமியார் சேலையின் மறுமுனையைப் பிடித்தார். "எங்க மருமவளுக்குப் பாத்துக்கிட்டிருக்கோம்லா."

"நான்தான மொதல்ல கேட்டேன்."

"கல்யாணப் பொண்ணு இங்கன இருக்கா. ஒங்களுக்கு என்னத்துக்கு இந்தச் சேல?"

அக்கா இழுத்தார், மாமியாரும் இழுத்தார். அக்காவுக்கு உடம்பு அதிகம் என்பதால் எங்கே ஜெயித்துவிடுவாரோ என்று எனக்கு நடுக்கம். கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. ஒனக்கு இது புடிச்சிருக்கா?"

அந்தக் கடையில் அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

"புடிச்சிருக்கு" என்றேன்.

அக்கா கையை விட்டார். மாமியார் சேலையோடு மல்லாக்கச் சாய்ந்தார். ஜெயித்த பூரிப்பில் பேரம் பேசவும் மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் விடுதியில் கேட்டேன். "எங்க மாமியா விட்டுக் குடுத்திருந்தா என்னக்கா செஞ்சிருப்பிய?"

"வாங்கியிருப்பேன். வாங்கி ஒனக்கே குடுத்திருப்பேன். ஒங்க மாமியா முன்ன உடுத்த முடியாது, அது ஒண்ணுதான் கொற" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து ரூபாய் நோட்டு திணித்த ஒரு சின்னத் துணிப்பையை எடுத்துப் பெட்டிக்குள் பழையபடி வைத்துப் பூட்டினார்.

கல்யாணத்துக்கு முதல் பஸ்ஸிலேயே புன்னைக்காயல் வந்துவிட்டார். கோயில் வாசலில் மாமியார் அவரை அடையாளம் கண்டு திகைத்து, "நீங்க எங்க இங்கன?" என்றார். அக்கா சளைக்கவில்லை. "அந்தச் சேல மனச விட்டுப் போவல. உடுத்தினா எப்படியிருக்குன்னு ஒரு நட பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்." மாமியாருக்கு மனம் இளகிவிட்டது. முதல் பந்தியில் உட்காரவைத்து, தன் கையாலேயே அவருக்குப் பரிமாறினார்.

காட்டன் ரோட்டில் ஒரு குண்டுப் பெண்ணிடமிருந்து சேலையைப் பிடுங்கிய கதையை என் மாமியார் கடைசிவரை வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். சொல்லத் தொடங்கியதும் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். முதலில் சிரிப்பை அடக்கத்தான் போனேன். அக்கா தஞ்சாவூருக்கு மாற்றலாகிப் போன பிறகு, கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போனேன்.