என் காதில் இருந்த பஞ்சு

கூச்சப்படுகிறவன் வியாபாரத்துக்கு வரக் கூடாது. வந்தே தீருவேன் என்றால் சவப்பெட்டி விற்கலாம். வாங்கிப் பயன்படுத்தியவர் திரும்பி வந்து குறை சொல்ல மாட்டார். இந்த யோசனை எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதற்குள் நான் இடியாப்பம் விற்கத் தொடங்கிப் பாதி ஆயுள் போய்விட்டது.

ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். என் கடை, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டிதான். உள்ளே இடியாப்பம், துருவிய தேங்காய், சிவப்புச் சர்க்கரை. மாலையில் ஜெலுத்தோங்கில் கிளம்பித் தண்ணீர்மலை வரை ஒரு சுற்று. ரப்பர் ஊதலை அமுக்கினால் 'பாம் பாம்' என்று சத்தம் வரும், ஜனங்கள் வெளியே வருவார்கள். கட்டிக் கொடுப்பேன், காசை வாங்குவேன், யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவேன், ஓடிவிடுவேன். (ஒருமுறை ஒருவர் தன் மாமனார் தவறிப்போன செய்தியைச் சொல்லியிருக்கிறார். அதற்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தவன் நான்.)

காலத்துக்கு ஏற்ற மாதிரி மாறணும் என்று எல்லாரும் சொன்னார்கள். மாறினேன். கையால் பிழிவதை விட்டு மின்சார மிஷின் வாங்கினேன். அரிசி ஊறவைத்து, இடித்து, வறுக்கிற வேலையை விட்டுப் பாக்கெட் மாவுக்கு மாறினேன். மத்தியானமே செய்து அடுக்கிவிட்டு ஒரு தூக்கமும் போட்டேன். எல்லாம் மாறியது. மாறாதது என் காது மட்டும்தான்.

வியாபாரம் இறங்கியது. காரணம் கேட்டால் என்னிடம் ஒரு வண்டி நிறைய இருந்தது. மழை, வெயில், பீசா, போனில் ஆர்டர் எடுத்துப் பச்சை நீலத்தில் இடியாப்பம் விற்கிற புதுப் பையன்கள். என் மனைவி சரசு மட்டும் ஒரே ஒரு காரணம் சொன்னாள்.

"இடியாப்பம் நல்லா இல்லங்க."

"அப்படி ஒண்ணும் இல்லையே" என்பேன். அதோடு கூட்டம் கலைந்துவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. அக்கா அன்புக்காரர். அவர் அன்பு காட்டினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அத்தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எனக்கு ஜாகா வேலை, அதாவது வாசல் காவல், பேசி முடித்துவிட்டார். "இந்த மாசமும் பெட்டி நெறைஞ்சே வீட்டுக்கு வந்துச்சுன்னா, வண்டியை வித்துட்டு இங்க வந்துரு" என்று உத்தரவு. சரசுவும் தலையாட்டினாள்.

காவல்காரன் என்றால் வருகிற போகிற எல்லாரையும் நிறுத்தி, "நீங்க யாரு? எதுக்கு வந்தீங்க?" என்று கேட்க வேண்டும். நான் நேரில் பார்த்துப் பேசப் பயந்து, பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டில் ஏறினால் படிக்கட்டில் இறங்குகிறவன். எப்படியாவது வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்று தவித்தேன்.

மகள் தேன்மொழி ஒரு வழி சொன்னாள். "அப்பா, இந்த ஊதல் சத்தத்துக்கெல்லாம் இப்ப யாரும் வர மாட்டாங்க. பழைய பேப்பர் வாங்கறவங்க ஸ்பீக்கர் வெச்சிருக்காங்கல்ல? அதுல நீங்க ஒரு தடவை பேசிட்டா போதும். அதுவே திருப்பித் திருப்பிக் கத்தும். நீங்க வாயையே தெறக்க வேணாம்."

வாயைத் திறக்க வேண்டாம் என்ற சொல் தேனாக இருந்தது. ஆன்லைனில் வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் ஷிஃப்டுக்குப் போய்விட்டாள்.

கூடவே வந்த விளக்கத்தாளில் சீனமும் ஆங்கிலமும்தான் இருந்தன. நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். ஆனால் சாலையில் நிறையப் படித்திருக்கிறேன். பொத்தானை அமுக்கினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு என்றால் என்ன? நிற்கிறது என்று அர்த்தம். பச்சை வந்தால்தான் போகும். இதற்குப் பெரிய படிப்பு எதற்கு?

ஆகவே சிவப்பு எரிகிற நேரத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். சரசு மேசையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் அவள் பங்குக்கு ஏதோ சொன்னாள். வழக்கம்போல நானும், "அப்படி ஒண்ணும் இல்லையே" என்றேன். அவள் எழுந்து போனதும் மறுபடி அமுக்கினேன். பச்சை! தொண்டையைச் செருமி, கண்ணை மூடி, வானொலி அறிவிப்பாளர் மாதிரி ஒருமுறை பேசி முடித்தேன். அப்படி ஒரு குரல் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. (இன்றுவரை வேறு யாருக்கும் தெரியாது.)

"போட்டுக் கேட்டுப் பாருங்களேன்" என்றாள் சரசு, அடுப்படியிலிருந்து.

"அதெல்லாம் வேணாம்" என்றேன். என் குரலை நானே கேட்பதா? கல்யாண வீடியோவில் நான் "நன்றி" என்று சொல்லும் இடம் வந்தாலே எழுந்து போய்விடுகிறவன்.

மறுநாள் கிருத்திகை. தண்ணீர்மலை முருகன் கோயிலில் கூட்டம் இருக்கும். பெட்டியில் ஸ்பீக்கரைப் பின்பக்கம் பார்த்துக் கட்டினேன். அப்புறம் ஒரு பெரிய புத்திசாலித்தனம் செய்தேன். என் குரல் எனக்குக் கேட்காமல் இருக்க இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். தெருமுனையில் பொத்தானைத் தட்டினேன். எங்கோ தூரத்தில் பெருமழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். 'அதுதான் நம் குரல்' என்று நினைத்தபோதே முகம் சூடாகிவிட்டது.

அதிசயம் நடந்தது. சன்னல்கள் திறந்தன. மாடியில் துணி காயப்போட்டவர்கள் துணி மாட்டிய கம்பியைப் பிடித்தபடியே நின்றார்கள். சிகை வெட்டும் கடையிலிருந்து பாதித் தலையோடு ஒருவர் வெளியே வந்து கைதட்டினார். ஆகா, விளம்பரம் என்றால் இதுதான்!

எப்போதும் வாங்கும் சீன ஆன்ட்டி கையைக் காட்டி நிறுத்தினார். ஆளோடு பேசும்போது ஸ்பீக்கர் கத்தினால் எனக்குக் கூச்சமாக இருக்குமே, அதனால் நின்றதும் அதை அணைத்துவிட்டேன். பஞ்சை எடுக்க மறந்துபோனேன். ஆன்ட்டி ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கி, என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அவர் என்ன கேட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "பினி மாரா கா?" மனைவிக்குக் கோபமா என்று மலாயில் கேட்டிருக்கிறார். தமிழ் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், மனைவி திட்டுகிற ராகம் அவருக்கு அத்துப்படியாம்.

அடுத்தடுத்த இடங்களிலும் இதே கதை. எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், வாங்கினார்கள், ஏதோ சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பட்டர்வொர்த் தொழிற்சாலை வாசல் என்னை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. குஷி தாங்காமல் ஹெல்மெட்டுக்குள் பாட்டுப் பாடினேன்.

தண்ணீர்மலைக் கோயில் அடிவாரம் வந்தது. அங்கே நான் விற்பதற்கு முன் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, மலையைப் பார்த்துக் கும்பிடுவது வழக்கம். அன்று நன்றிக்கடன் அதிகம் இருந்ததால் நீளமாகக் கும்பிட்டேன். விற்கிற நேரம் இல்லையே, அதனால் ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

கண்ணை மூடி, 'முருகா, என் தொழிலைப் பற்றி நாலு பேர் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்' என்று வேண்டினேன். கண்ணைத் திறந்தால் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். அர்ச்சனைத் தட்டு ஏந்திய பெண்கள் குலுங்குகிறார்கள். பூ விற்கும் மங்களம் அக்கா மட்டும் சிரிக்காமல் தன் காதைத் தொட்டு என் காதைக் காட்டினார். எறும்பு ஏறுகிறதோ என்று கையை வைத்தேன். பஞ்சு. எடுத்தேன்.

மலையடிவாரம் முழுக்க என் மனைவியின் குரல்.

முதலில் என்னுடைய குரல்தான், சிவப்பு எரிந்தபோது பேசிய ஒத்திகைக் குரல். "இடியாப்பம்... சுடச்சுட... பஞ்சு போல இடியாப்பம்..."

உடனே சரசு: "பஞ்சா? யார் சொன்னா? நேத்து மிச்சத்தைப் பூனைக்கு வெச்சேன். பூனை மோந்து பாத்துட்டு, என்னைப் பாத்துட்டு, வீட்டை விட்டே போயிருச்சு. மிஷின் வாங்கினா ஆச்சா? மாவுல கொதிக்கிற தண்ணி ஊத்தணும்னு எத்தனை தடவை சொல்றது? மத்தியானமே செஞ்சு அடுக்கிட்டு, குறட்டை விட்டுட்டு, சுடச்சுடவாம்! வர்றவங்ககிட்ட நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டா பல்லு கொட்டிருமா? உங்க அக்கா வாயில கால்வாசி உங்களுக்கு இருந்திருந்தா, நாம இந்நேரம் சூலியா தெருவுல கடையே போட்டிருக்கலாம். ஊரு காதை எல்லாம் சேர்த்து அவங்க ஒருத்தரே தின்னுட்டு..."

பிறகு என் மெல்லிய குரல்: "அப்படி ஒண்ணும் இல்லையே."

ஒரு விநாடி அமைதி. மறுபடி: "இடியாப்பம்... சுடச்சுட..."

ஜெலுத்தோங்கிலிருந்து தண்ணீர்மலை வரை இதைத்தான் நான் பரப்பிக்கொண்டு வந்திருக்கிறேன், பாட்டுப் பாடிக்கொண்டு.

பொத்தானைத் தேடிய என் விரல் ஊதலை அமுக்கியது. 'பாம் பாம்' என்று அதுவும் சேர்ந்துகொண்டது. மங்களம் அக்காதான் வந்து அணைத்தார். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு மலை ஏறிப் போய் மொட்டை போட்டு உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவபாதம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், என் பழைய வாடிக்கைக்காரர்.

"தம்பி, உம்மட மனுசி சொல்றதுதான் சரி" என்றார். "கொஞ்சக் காலமா உம்மட இடியப்பத்தை நான் பாலில ஊற வைச்சுத்தான் தின்னுறன். இல்லாட்டிப் பல்செட் கழண்டுபோகுது."

"ஏன் ஐயா எங்கிட்ட சொல்லல?"

"எங்க சொல்றது? நான் வாயைத் திறக்க முதல் நீர் வண்டியை முறுக்கிப்போடுவீர். உமக்குப் பின்னால ஓட எனக்கு முழங்கால் விடாது."

கூட்டத்துக்கு இது போதாதா? "ஆமாண்ணே, தேங்காய்ல உப்பே இல்ல" என்றது ஒரு குரல். "சர்க்கரை கட்டி கட்டியா இருக்கு லா" என்றது இன்னொன்று. "நான் ரெண்டு வாட்டி சொன்னேன், சிரிச்சுட்டே போயிட்டாரு" என்றார் ஒரு பெண். ஓடலாம் என்றால் சுற்றிலும் ஆள். வாழ்க்கையில் முதல்முறையாக நின்று கேட்டேன். மிக விநோதம் என்னவென்றால், குறை சொன்ன ஒவ்வொருவரும் சொல்லி முடித்துவிட்டு ஒரு பொட்டலம் வாங்கினார். "திட்டின அக்காவுக்காக வாங்கறோம்ணே" என்றார்கள். பெட்டி காலி.

காலிப் பெட்டியோடு வீட்டுக்குப் போனால் சரசு போனும் கையுமாக நின்றாள். யாரோ வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"பூனை வரைக்கும் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு."

"அதுக்கப்புறம்... உங்க அக்கா?"

"அதுவும் வந்துச்சு."

சரசு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வீடியோ படகு ஏறாமலே பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா போன் செய்தார். ஸ்பீக்கரே தேவைப்படவில்லை. "கேட் முன்னாடி என் தம்பி நிக்க வேணாம், நானே நின்னு கத்திக்கறேன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு!" போன் வைக்கப்பட்டது. ஜாகா வேலை போயிற்று. இனி எனக்கு இந்த இடியாப்பத்தை விட்டால் வேறு வழி இல்லை.

"சரி, கொதிக்கிற தண்ணின்னா எவ்வளவு கொதிக்கணும்?" என்று கேட்டேன். சரசு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் கேட்ட முதல் தொழில் கேள்வி அதுதானாம். அன்றே மாவை வறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது மிஷின் இருக்கிறது, மத்தியானத் தூக்கம் இல்லை. போனிலும் ஆர்டர் எடுக்கிறோம், பேசுவது சரசு. நான் ஒவ்வொரு வாசலிலும் வண்டியை அணைத்துவிட்டு, "நேத்து எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறேன். கேட்கும்போது வியர்க்கத்தான் செய்கிறது. அக்கா தீபாவளிக்குச் சமாதானமாகி, பலகாரத்தோடு வந்து, அந்த வீடியோவைத் தானே போட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

தேன்மொழி உதவியோடு ஒழுங்கான அறிவிப்பு ஒன்று புதிதாகப் பதிவு செய்து கிளம்பினேன். யாருமே வெளியே வரவில்லை. சீன ஆன்ட்டி மட்டும் வந்து கேட்டார்: "பினி மானா?" மனைவி எங்கே? ஜனங்கள் விடவில்லை. இன்றும் என் வண்டியில் ஓடுவது சரசு என்னைத் திட்டுவதுதான். அக்கா பகுதியை மட்டும் வெட்டிவிட்டோம்.

வீட்டில் இப்போது சரசு திட்டத் தொடங்குமுன் மேசையில் எங்காவது சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறாள். யாராவது "அப்படி ஒண்ணும் இல்லையே" என்று இழுத்தால் மற்றவர்கள் ஒரே குரலில் சொல்வது, "பஞ்சை எடு!"

போன வாரம் மீன் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. தைரியத்தை எல்லாம் திரட்டி, "சரசு, குழம்புல கொஞ்சம் உப்பு..." என்றேன்.

"அப்படி ஒண்ணும் இல்லையே" என்றாள் சரசு.

தேன்மொழி எழுந்து போய்ப் பஞ்சுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சரசு அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நிதானமாக ஒரு துண்டு பிய்த்து உருட்டி என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. இது வாய்க்கு."