ஒன்பது செக்கன்

‘உங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் மிகச் சிறந்த ஐந்தைத் தெரிவு செய்க. அனுப்பிய பின் மாற்ற முடியாது.’

திரையில் இருந்த அந்த வரியை ஆகிப் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது பகல் இரண்டு மணி. நான்கு மணிக்குப் படிவம் மூடப்படும். பதவி உயர்வும் அதோடு போய்விடும். முந்திய இரண்டு தடவையும் இதே வரியில்தான் போனது.

ஆகிப் உளவியல் விரிவுரையாளன். மனிதர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது அவனுடைய துறை. கட்டுரைகள் பதினான்கு. பதினான்கும் ஒரே ஆய்வில் பிறந்தவை. ஆறு வருடங்களுக்கு முன், மாம்புரிக் கரையில் கரைவலைச் சம்மாட்டியாக வலைக்கும் ஆட்களுக்கும் முதலாளியான மாமனார் செய்னுலாப்தீனிடம் கேள்வித்தாளைக் காட்டி அனுமதி வாங்கினான். மறுநாள் அவருடைய வாடிக் கொட்டிலில், வலை இழுக்கும் நாற்பது பேரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டான். நடுக்கடலில் காற்று மாறினால் என்ன செய்வீர்கள்? பன்னிரண்டு விடைகள். நாற்பது பேரும் ஏழாவதின் கீழ்க் கோடு கீறினார்கள். ஆளுக்கு எடுத்த நேரம் ஒன்பது செக்கன்.

அந்த ஒன்பது செக்கனை வைத்து அவன் எழுதித் தள்ளினான். பதினோராவது கட்டுரை நான்காவதை மறுத்தது. பதினான்காவது, பதினோராவதுக்குப் பதில் சொன்னது.

"அஞ்சத் தெரிவு செய்யச் சொன்னா செஞ்சிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி ஜுமானா.

"ஒவ்வொண்டுலயும் ஒண்டு இரிக்கி."

தலைப்புகளைத் துண்டு துண்டாக எழுதி பிஸ்கட் டின்னில் போட்டான். ஜுமானா ஐந்தை எடுத்தாள். அவன் முகம் வாடியது.

"இன்னொருக்கா எடு."

ஆறாவது தடவை அவள் டின்னை மூடினாள். "ஒங்களுக்கு விருப்பமானது வரும்வரைக்கும் எடுக்கிறதுண்டா, நீங்களே பாத்து எடுங்க."

"விருப்பமானது எதுண்டு தெரிஞ்சா ஒன்ன ஏன் கூப்புடுறன்?"

பிறகு புள்ளி போட்டான். ஒன்பது கட்டுரைகளுக்கு எழுபத்தொன்று வந்தது. சமனை உடைக்க ஒரு விதி செய்தான். இன்னொரு விதியும் தோன்றியது. இரண்டில் எது நல்லது என்று ஆராயத் தொடங்கியவன், புதுப் பக்கம் திறந்து தலைப்பும் போட்டுவிட்டான்.

ஜுமானா எட்டிப் பார்த்தாள். "இது என்ன?"

"பதினஞ்சாவது."

அவள் அவன் கையிலிருந்து மௌஸைப் பிடுங்கினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இணையமும் போனது. மடிக்கணினியின் பற்றரியில் நூற்றுக்குப் பதினொரு வீதம் மிச்சம். மணி மூன்று இருபது.

கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். வாசல் படலையடியில் நின்றான். எந்தப் பக்கம் போவது? கற்பிட்டி கிட்ட. மதுரங்குளியில் இணைப்பு நல்லது. தூரத்தில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. மூன்று நாற்பதுக்கு ஜுமானா வெளியே வந்தாள்.

"என்ட ஃபோன்ல டேட்டா இரிக்கி."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க போயிட்டீங்கண்டு நினைச்சன்."

உள்ளே போய் அவளுடைய ஃபோனில் இணைத்துப் படிவத்தைத் திறந்தபோது மீன் பெட்டியோடு நிக்கொலஸ் வாசலில் வந்து நின்றான். முன்பு மாமனாரின் வலை இழுத்தவன். இப்போது வீடு வீடாக மீன் விற்கிறான்.

"சேர், பாரையும் இரிக்கி, சீலாவும் இரிக்கி. எது போட?"

"அவர்ட்ட கேக்காதீங்க" என்று ஜுமானா உள்ளிருந்து ஓடிவந்தாள். "பாரையப் போடுங்க."

மணி மூன்று ஐம்பத்தைந்து. பற்றரி மூன்று வீதம். ஆகிப் நிக்கொலஸையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பதில் ஒருவன். நிக்கொலஸ் கத்தியால் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நிக்கொலஸ், வாடியில ஒரு தாள் தந்தேனே, ஞாபகமா?"

"ஓம் சேர். கீறினதுதானே."

"எவ்வளவு நேரம் யோசிச்ச நீ?"

"யோசிக்கவே இல்ல சேர்."

பதினான்கு தடவை எழுதியதை ஒரு தடவையாவது தான் செய்து பார்த்தானா? ஆகிப் திரையைப் பார்த்தான். மனதுக்குள் ஒன்பது எண்ணினான். விரல் பட்ட ஐந்தைத் தெரிவு செய்து, அனுப்பினான். ‘பெறப்பட்டது. நன்றி’ என்று வந்தது. திரை அணைந்தது.

ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவன் சாய்ந்து உட்கார்ந்தான். ஜுமானா மீன் சட்டியோடு அப்படியே நின்றாள்.

"நீதான்டா என்னக் கரை சேத்த" என்றான் ஆகிப். "நாப்பது பேரும் யோசிக்காம ஒரே முடிவு. ஒங்களுக்கு அது எப்பிடி வருது?"

நிக்கொலஸ் மீனைத் திருப்பிப் போட்டான்.

"முடிவெல்லாம் எங்களுக்கு எங்க சேர், அது சம்மாட்டிட வேல. முந்தின நாளே கூப்பிட்டுச் சொன்னாரு, நாளைக்கி மருமகன்ட சோதினை, எல்லாரும் ஏழாவதக் கீறுங்க, ஒருத்தன் மாத்திக் கீறினாலும் மருமகன் பெயிலாகிருவாருண்டு."